நோய் அண்டாதவரைக் கேளுங்கள்



‘மருத்துவ ஆராய்ச்சியில் அண்மைக்கால முன்னேற்றங்கள்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இத்தனை பெரிய தலைப்பை ஒரு மணி நேரத்தில் பேசச் சொன்னால் பட்டியல்தான் வாசிக்க முடியும். பட்டியல் கேட்பதற்காக நீங்கள் இந்த வெயிலில் வந்திருக்க மாட்டீர்கள். அதனால் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு நோயின் கதைக்குள்ளேயே கடந்த நூறாண்டு மருத்துவம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி. ஒரு நோயைப் புரிந்துகொள்ள மருத்துவர் யாரிடம் போகிறார்? நோயாளியிடம். நாடி பார்க்கிறார், ரத்தம் எடுக்கிறார், படம் எடுக்கிறார். சரிதான். ஆனால் வந்திருக்க வேண்டிய நோய் வராமல் போனவர் ஒருவர் இருப்பாரே, அவரிடம் யாராவது போய்க் கேட்கிறோமா? ‘உனக்கு மட்டும் ஏனப்பா வரவில்லை?’ என்று விசாரிக்கிறோமா? மாட்டோம். நலமாக இருப்பவர் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லையே! இன்று நான் சொல்ல வந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய சிகிச்சைகள் சில, அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

நோயின் பெயர் அரிவாள் செல் ரத்தசோகை. 1904 ஆம் ஆண்டு டிசம்பர் இறுதி. கிரெனடா என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு வந்திருந்த வால்டர் கிளெமென்ட் நோயெல் என்ற கறுப்பின மாணவர், இருமலும் மூச்சுத் திணறலுமாக மருத்துவமனையில் சேர்கிறார். எர்னஸ்ட் அயன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர் அவருடைய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கிறார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல நீண்டு, வளைந்து, அரிவாள் போலக் கிடக்கின்றன. அவருடைய மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக் ஆறு ஆண்டுகள் கழித்து, 1910 இல், அதைக் கட்டுரையாக வெளியிடுகிறார். நோயெல் படிப்பை முடித்தார், ஊர் திரும்பினார், பல் மருத்துவமனை வைத்தார், 1916 இல் இறந்துபோனார். வயது 32. கட்டுரையில் அவர் பெயர் இல்லை. பின்னாளில் வந்தவர்கள் பழைய ஏடுகளைத் தேடித்தான் அவர் யாரென்று கண்டுபிடித்தார்கள்.

நல்ல சிவப்பணு நம் உடம்பில் ஏறத்தாழ 120 நாள் வாழும். அரிவாள் செல்லின் ஆயுள் பத்து முதல் இருபது நாள். ஆகவே சோகை. அது மட்டுமா? நல்ல சிவப்பணு வளைந்து கொடுக்கும். தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்க்குள்ளும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போய்விடும். அரிவாள் செல் விறைத்துப்போனது. குழாயில் மாட்டிக்கொள்ளும். ஒன்று மாட்டினால் பின்னால் வருவதும் மாட்டும். அதற்கு அப்பால் உள்ள எலும்புக்கோ நுரையீரலுக்கோ மூளைக்கோ ரத்தம் போகாது. அப்போது வருகிற வலி இருக்கிறதே, பிரசவ வலி கண்ட தாய்மார்களே அதைவிடக் கொடியது என்கிறார்கள். வெளியே காயம் இல்லை, வீக்கம் இல்லாமலும் இருக்கலாம். அதனாலேயே ‘நடிக்கிறான்’ என்று சொல்லப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்!

இந்த நோய்க்கு என்ன காரணம்? 1949 இல் லைனஸ் பாலிங் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடம் பதில் சொன்னது. சோதனைகளைக் கையால் செய்தவர் ஹார்வி இடானோ. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேறிய அவரால் பதக்கம் வாங்கப் பட்டமளிப்பு விழாவுக்குப் போக முடியவில்லை. ஏன் தெரியுமா? ஜப்பானிய ரத்தம் ஓடுகிறது என்று சொல்லி அவரை முள்வேலி முகாமுக்குள் அடைத்துவிட்டார்கள். அந்த மனிதர்தான் பிறகு வந்து, நலமானவர் ஹீமோகுளோபினும் நோயாளியின் ஹீமோகுளோபினும் மின்புலத்தில் வெவ்வேறு விதமாக நகர்வதைக் காட்டினார். ஒரு மூலக்கூறு கெட்டால் ஒரு நோய் வரும் என்று உலகம் முதல்முறையாகக் கண்டது அன்றுதான். என்ன கெட்டது என்பதைக் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் 1957 க்குள் சொல்லிவிட்டார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும், வேலின் இருக்கிறது. அவ்வளவுதான். டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. அந்தப் பிழையால், ஆக்சிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பியாக நீள்கின்றன. கம்பி உள்ளிருந்து குத்த, செல் அரிவாளாகிறது.

நன்றாகக் கவனியுங்கள். 1957 இலேயே காரணம் தெரிந்துவிட்டது, கடைசி அமினோ அமிலம் வரை தெரிந்துவிட்டது. மருந்து வந்ததா? வரவில்லை. அடுத்த பத்தாண்டில் வந்ததா? வரவில்லை. அதற்கடுத்த பத்தாண்டில்? அப்போதும் இல்லை. காரணம் தெரிந்தால் சிகிச்சை தானாக வந்துவிடும் என்று பாடப்புத்தகங்கள் நம்மை நம்பவைத்திருக்கின்றன. அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கருத்து. பிழையை அறிவது ஒன்று. கோடிக்கணக்கான செல்களுக்குள் போய் அதைத் திருத்துவது முற்றிலும் வேறொன்று.

அப்படியானால் வழி எங்கே திறந்தது? நோய் வராதவரிடம் திறந்தது!

1948 இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் ஒரு விந்தையைக் கவனித்தார். இந்த மரபணுவோடு பிறந்த பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தில் அரிவாள் செல்கள் மிகக் குறைவாக இருந்தன. பிறவி நோய் என்கிறோம், பிறந்த குழந்தைக்கு ஒன்றும் இல்லை! ஐந்தாறு மாதம் ஆன பிறகுதான் கைகால் வீக்கமும் வலியும் தொடங்குகின்றன. ஏன் இவர்களுக்கு இன்னும் வரவில்லை? கருவில் இருக்கும்போது நமக்கெல்லாம் வேறொரு ஹீமோகுளோபின் இருக்கிறது. கருக்கால ஹீமோகுளோபின் என்று வைத்துக்கொள்வோம். அதில் பீட்டா சங்கிலி கிடையாது, ஆகவே அந்தப் பிழையும் கிடையாது. அதுதான் குழந்தையைக் காத்து நிற்கிறது என்றார் வாட்சன். பிறந்து சில மாதங்களில் அது வற்றிப்போகிறது, பீட்டா வருகிறது, பிழையும் கூடவே வருகிறது.

இரண்டாவது சாட்சி 1955 இல் கிடைத்தது, இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில். எடிங்டன், லேமன் என்ற இருவர், வளர்ந்த பிறகும் கருக்கால ஹீமோகுளோபின் வற்றாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எழுதினார்கள். பெரியவர்களாகியும் உடம்பு பழைய ஹீமோகுளோபினை விடாமல் தயாரிக்கிறது. அவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அரிவாள் செல் மரபணு உள்ளவருக்கு இந்த வரமும் சேர்ந்து வாய்த்தால் நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதே இல்லை.

ஹெர்மன் லேமன் என்ற அந்தப் பெயரை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் நமக்கு அந்நியர் அல்லர். இந்தியாவில் அரிவாள் செல் இருக்கிறது என்று 1952 இல் முதலில் அறிவித்த ஆய்வுகளில் ஒன்று அவருடையது, மேரி கட்புஷ் என்ற அம்மையாரோடு சேர்ந்து செய்தது. எந்த ஊர் மக்களிடம் கண்டார்கள்? நம் நீலகிரியில்! இருளர், பணியர், குறும்பர் என்று நாம் பெயர் மட்டும் தெரிந்துவைத்திருக்கும் மக்களின் ரத்தத்தில். சிகாகோவில் தொடங்கிய கதை ஊட்டி மலைச்சரிவில் வந்து நின்றது. அந்த மக்களிடம் ஏன் இது மிகுதி என்பதற்கு இரண்டே ஆண்டில், 1954 இல், ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த அந்தோணி அலிசன் விடை சொன்னார். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரே ஒரு பிழைப் பிரதியை மட்டும் வாங்கியவருக்கு அரிவாள் செல் நோய் வராது. அதோடு, கொடிய மலேரியாவும் அவரை எளிதில் சாய்க்காது. மலேரியாக் காட்டில் உயிர் பிழைக்க உடம்பு கொடுத்த விலை இந்தப் பிழை. ஏன் இவருக்கு மலேரியா வரவில்லை? மீண்டும் அதே கேள்விதான்.

சரி, கருக்கால ஹீமோகுளோபினைத் திரும்ப வரவழைக்க முடியுமா? முதல் பதில் ஒரு பழைய புற்றுநோய் மருந்திலிருந்து வந்தது. ஹைட்ராக்சியூரியா. அதைக் கொடுத்தால் கருக்கால ஹீமோகுளோபின் கூடுகிறது என்று 1980களில் கண்டார்கள். 299 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 1995 இல் வந்தது: வலி வரும் தடவைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். மலிவான மாத்திரை. இதை நினைவில் வையுங்கள், திரும்பி வருகிறேன்.

ஆனால் உடம்பு அந்தப் பழைய ஹீமோகுளோபினை நிறுத்துவது எப்படி? நிறுத்தச் சொல்வது யார்? அது ஐம்பது ஆண்டுப் புதிர். ஒரு கல்யாண வீட்டுச் சமையல்கட்டை எண்ணிப் பாருங்கள். காலை விருந்துக்கு ஒரு தவசிப்பிள்ளை. மதிய விருந்துக்கு வேறொருவர். காலையில் சமைத்தவர் கைப்பக்குவம் அருமை. மதியம் வந்தவரோ சாம்பாரில் எதையோ மாற்றிப் போட்டுவிடுகிறார், சாப்பிட்டவர் எல்லாரும் சுருண்டு விழுகிறார்கள். காலைச் சமையல்காரர் எங்கே? வீட்டுக்குப் போய்விட்டாரா? இல்லை, கொல்லைப்புறத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ‘நீ கரண்டியைத் தொடக் கூடாது’ என்று ஒரு மேற்பார்வையாளர் அவரை உட்காரவைத்திருக்கிறார். அந்த மேற்பார்வையாளர் யார்?

2007, 2008 ஆண்டுகளில் விடை வந்தது. எங்கிருந்து? நோயாளிகளிடமிருந்து மட்டுமா? இல்லை. பிரிட்டனிலும் சார்டினியாத் தீவிலும் நடமாடும் சாதாரண மனிதர்களின் மரபணுக்களை ஒப்பிட்டதில் வந்தது. சிலருக்குக் கருக்கால ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. அவர்களிடம் என்ன வேறுபாடு என்று தேடினார்கள். பிசிஎல்11ஏ என்ற மரபணு கண்ணில் பட்டது. பாஸ்டன் நகரில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வுக்கூடத்தில் விஜய் சங்கரன் என்ற இளைஞர் அதை அடக்கிப் பார்த்தார். கருக்கால ஹீமோகுளோபின் எழுந்து வந்தது. மேற்பார்வையாளர் அகப்பட்டுவிட்டார்!

பிறகென்ன, அவரை வேலையை விட்டு நீக்கிவிடலாமே என்பீர்கள். முடியாது. அவர் மூளை வளர்ச்சியையும் நோய் எதிர்ப்புச் செல்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறவர். இங்கேதான் ஆராய்ச்சியின் நுட்பம். சிவப்பணு உருவாகும் இடத்தில் மட்டும் அந்த மரபணுவை இயக்குகிற ஒரு சிறு துண்டு டி.என்.ஏ. இருப்பதை 2013 இல் கண்டார்கள். அதை மட்டும் வெட்டினால் சமையல்கட்டில் மட்டும் அவர் அதிகாரம் போகும். மற்ற இடமெல்லாம் அப்படியே நடக்கும். வெட்டுவதற்குக் கத்தரிக்கோலும் தயாராக இருந்தது. இமானுவேல் ஷார்ப்பான்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவரும் 2012 இல் காட்டிய கிரிஸ்பர் முறை. 2020 இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

2019 ஜூலை. அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே. 34 வயது, குழந்தைகளுக்குத் தாய். அவருடைய ரத்தத்திலிருந்து ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்து எடுத்து, ஆய்வுக்கூடத்தில் அந்தத் துண்டை வெட்டி, திரும்ப அவர் உடம்புக்குள் செலுத்தினார்கள். சொல்லும்போது எவ்வளவு எளிது! நடுவில் ஒன்று இருக்கிறது. புதிய செல்களுக்கு இடம் வேண்டுமானால் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பழைய செல்களைக் கடுமையான புற்றுநோய் மருந்து கொடுத்து அழிக்க வேண்டும். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், தண்ணீர் விழுங்க முடியாது, வாரக்கணக்கில் தனி அறை, பிள்ளைப்பேறு பறிபோகும் ஆபத்தும் உண்டு. அதையெல்லாம் தாங்கினார் அந்த அம்மா. 2023 மார்ச்சில் லண்டனில் விஞ்ஞானிகள் மாநாட்டில் எழுந்து நின்று தன் கதையைத் தானே சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் கொடுத்தன. கேஸ்ஜெவி என்று பெயர். கிரிஸ்பர் முறையில் உலகில் ஒப்புதல் பெற்ற முதல் சிகிச்சை. ஒப்புதலின்போது மதிப்பிட முடிந்த 31 பேரில் 29 பேருக்கு, தொடர்ந்து ஓராண்டாவது கடும் வலி வரவில்லை.

இதில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். அந்த எழுத்துப் பிழையை யாரும் திருத்தவில்லை! விக்டோரியா கிரேயின் பீட்டா மரபணுவில் பிழை இன்னும் இருக்கிறது. நோய் வராத குழந்தையின் உடம்பு செய்ததை, கானாவில் கண்ட அந்த மனிதர்களின் உடம்பு செய்ததை, பார்த்து அப்படியே செய்தார்கள்.

இது ஒரு நோயோடு நின்றுவிட்டதா? இல்லை. டல்லாஸ் நகரத்தில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் இருவரும் கெட்ட கொழுப்பு மிகவும் குறைவாக உள்ளவர்களைத் தேடிப் போனார்கள். பிசிஎஸ்கே9 என்ற மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்யாத ஆப்பிரிக்க அமெரிக்கர்களைக் கண்டார்கள். 2006 இல் வெளியான கணக்கு: அவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 28 சதவீதம் குறைவு, மாரடைப்பு முதலிய இதயக்குழாய் நோய் ஆபத்து 88 சதவீதம் குறைவு. இரண்டு பிரதியும் வேலை செய்யாத ஒரு பெண்மணியும் அகப்பட்டார். அவருடைய கெட்ட கொழுப்பு வெறும் 14. நம்மில் பலருக்கு நூறைத் தாண்டும்! அவர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆரோக்கியமான பெண். அந்த ஒரு செய்தி போதும், மருந்து நிறுவனங்கள் ஓடிவந்தன. 2015 இல் ஊசி மருந்துகள் வந்துவிட்டன. இன்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசியும் வந்துவிட்டது. எச்.ஐ.வி.யிலும் இதே கதைதான். சிசிஆர்5 என்ற வாயில் பிறவியிலேயே மூடியிருப்பவர்களை அந்தக் கிருமி பெரும்பாலும் தொற்றுவதில்லை. அதை அறிந்துகொண்டு, 2018 இல் சீனாவில் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் இருந்த மனிதக் கருக்களின் மரபணுவையே வெட்டிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். தேவையில்லாத வெட்டு, அனுமதியில்லாத வெட்டு. மூன்று ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. குறைவு என்பேன்.

இப்போது விலைக்கு வருவோம். கேஸ்ஜெவியின் விலை அமெரிக்காவில் ஒருவருக்கு 22 லட்சம் டாலர். நம் பணத்தில் பதினெட்டுக் கோடி ரூபாய்க்கும் மேல். அரிவாள் செல் நோயாளிகளில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள்? ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும். பணியர் குடியிருப்பில் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பதினெட்டுக் கோடி யார் கொடுப்பது? கேள்வியே அபத்தமாக ஒலிக்கிறதல்லவா?

அதற்காக மனம் சோர்ந்து உட்காரத் தேவையில்லை. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஹீமோஃபிலியா என்ற ரத்தம் உறையா நோய்க்கு ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்தார்கள். அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு. முறை இதே குடும்பத்தைச் சேர்ந்தது: ஸ்டெம் செல்லை எடு, வெளியே மாற்று, திரும்பச் செலுத்து. சிகிச்சைக்குப் பின் ஐவருக்கும் ரத்தப்போக்கு நின்றது. மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான புற்றுநோய்க்கான கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. வெளிநாட்டு விலையில் சிறு பங்குதான் அதன் விலை. நம்மால் செய்ய முடியும். காலம் ஆகும், அவ்வளவுதான்.

ஆகும் அந்தக் காலத்தில் என்ன செய்வது? மாத்திரையைப் பற்றித் திரும்பி வருகிறேன் என்றேன் அல்லவா? 1995 இலேயே பலன் நிரூபிக்கப்பட்ட மலிவான ஹைட்ராக்சியூரியா, தேவைப்படும் எல்லாருக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை. ஏன்? நோய் இருப்பதே தெரியவில்லை. எனக்கு இதுதான் பெரிய வெட்கமாகப் படுகிறது. பதினெட்டுக் கோடி சிகிச்சை இல்லை என்பதில் வெட்கமில்லை. சொட்டு ரத்தச் சோதனை செய்யப்படவில்லை என்பதில் இருக்கிறது.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் உள்ள ஒரு கரைசலில் கலக்குகிறார்கள். சில நிமிடம் காத்திருக்கிறார்கள். பிறகு கருப்புக் கோடு போட்ட தாள் ஒன்றைக் குழாய்க்குப் பின்னால் பிடிக்கிறார்கள். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் அரிவாள் செல் ஹீமோகுளோபின் இல்லை. கரைசல் கலங்கிக் கோடு மறைந்தால், இருக்கிறது. நோயா, ஒரு பிரதி மட்டும் சுமப்பவரா என்பதை அடுத்த சோதனை சொல்லும். மின்சாரம் இல்லாத குடியிருப்பில், மரத்தடியில் ஒரு செவிலியர் செய்துவிடலாம். பிறந்த குழந்தைக்கு மட்டும் இது ஆகாது. ஏன் ஆகாது? மாணவர்கள் சொல்லுங்கள்! ஆமாம், கருக்கால ஹீமோகுளோபின் மறைத்துவிடும். ஜேனட் வாட்சன் கண்டது அதைத்தானே.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாஹ்டோலில் தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. நாற்பது வயது வரையிலான ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது, 2047 க்குள் நோயை ஒழிப்பது என்று இலக்கு. தமிழ்நாடும் அதில் இருக்கிறது. கூடலூர்ப் பகுதியில் ஆதிவாசி மக்களின் மருத்துவமனை இத்திட்டத்துக்கு வெகு காலம் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எண்ணிக்கையை எட்டியதோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. அட்டையில் ‘உண்டு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அந்தப் பெண்ணுக்கு என்ன புரியும்? கணவனும் மனைவியும் இருவருமே ஒரு பிரதி சுமப்பவர்களானால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து என்பதை அவள் மொழியில் சொல்ல வேண்டும். ஒரு பிரதி சுமப்பவள் நோயாளி அல்லள், அவளைக் கல்யாணத்தில் ஒதுக்குவது மூடத்தனம் என்பதை ஊருக்கும் சொல்ல வேண்டும். மாத்திரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மாதாமாதம் தடையில்லாமல், கிடைக்க வேண்டும். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்கச் சொன்னால், மூன்றாம் மாதம் அவர்கள் வரமாட்டார்கள்.

கடைசியாக, ஆராய்ச்சிக்குப் போகப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இந்திய நோயாளிகளில் பலருக்குக் கருக்கால ஹீமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் கூடுதல் என்றும், அவர்களில் பலருக்கு நோய் மிதமாக இருக்கிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எல்லாருக்கும் அப்படி இல்லை. ஒரே குடியிருப்பில், ஒரே பிழையோடு, ஒருத்தி மாதம் தவறாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இன்னொருத்தி தேயிலை பறித்துக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டாமவளிடம் யாராவது போய்ப் பேசியிருக்கிறோமா? போங்கள். அனுமதி கேளுங்கள், உட்கார்ந்து கேளுங்கள். அவள் கொடுக்கும் ரத்தத்திலிருந்து ஏதாவது மருந்து பிறந்தால், அவள் பெயரையும் அவள் ஊருக்குச் சேர வேண்டிய பங்கையும் மறக்காதீர்கள். நோயெலுக்கு நடந்தது போதும்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்னால் நிற்கிறவர்கள் முதலில்.